குழாயடியில் முளைத்தது

ஜூன் 4, செவ்வாய்

கொல்லையில் மழைத்தண்ணீர்க் குழாய் இறங்கும் இடத்தில் ஏதோ முளைத்திருக்கிறது. சுண்டுவிரல் உயரம். இலை இன்னும் விரியவில்லை. சுருட்டி வைத்தது போல நுனி கூராக நிற்கிறது. நான் விதைக்கவில்லை. இந்த வீட்டில் பத்தொன்பது வருஷமாக யாரும் எதையும் விதைக்கவில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு எழுதுகிறேன்.

போன மாதம் குழாய் ரிப்பேர்காரன் அந்த இடத்தைக் கடப்பாரையால் குத்திக் கிளறினான். மூடும்போது மண்ணையும் ஜல்லியையும் ஒன்றாகக் கலந்து தள்ளினான். என் துணி துவைக்கிற கல்லின் ஒரு மூலையையும் உடைத்தான். மே 14. "அது முன்னாடியே உடைஞ்சிருந்துச்சு" என்றான். உடைந்திருக்கவில்லை.

இதற்குத்தான் இந்த நோட்டு. மருமகள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்க்கிறாள். மிச்சமான பதிவு நோட்டு ஒன்றைக் கொடுத்தாள். பக்கத்துக்குப் பக்கம் கிளட்ச், பிரேக், ரிவர்ஸ் என்று கட்டம் போட்டிருக்கிறது. நான் கட்டத்தைக் கண்டுகொள்வதில்லை. என்னை ஐந்தாவதோடு நிறுத்திவிட்டார்கள், ஆனால் எழுத்து குண்டு குண்டாக வரும். யார் என்றைக்கு என்ன சொன்னார்கள் என்பது எனக்கு மறக்காது. எழுதி வைத்தால் அவர்களும் மறுக்க முடியாது.

ஜூன் 5, புதன்

ஒரு விரற்கடை வளர்ந்திருக்கிறது.

ஜூன் 9, ஞாயிறு

கொல்லை முழுக்க சிமெண்ட் போடப்போகிறானாம் என் மகன். மருமகளின் பயிற்சி வண்டியை உள்ளே நிறுத்த வேண்டும், மழை பெய்தால் சேறு. நியாயம்தான். மேஸ்திரியிடம் சொல்லியாகிவிட்டது, அடுத்த வாரம் வருவானாம்.

"அப்ப அந்தச் செடி?" என்று கேட்டேன்.

"எந்தச் செடி?"

கூட்டிப்போய்க் காட்டினேன். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவன் அவன். மயிரிழை வித்தியாசம் பார்க்கிற கண். ஆனால் இதற்குச் சரியாகக் குனியக்கூட இல்லை. "களைம்மா. பிடுங்கிடலாம்."

என்ன களை என்று கேட்டேன். தெரியாதாம். பெயரே தெரியாமல் ஒன்றை எப்படிக் களை என்கிறாய் என்றேன். வாக்குவாதம் வளர்ந்து மருமகள் நடுவில் வந்தாள். கடைசியில் இப்படி முடிவாயிற்று: மேஸ்திரி வேலை ஆரம்பிப்பதற்குள் அது என்ன செடி, எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லவேண்டும். சொல்லிவிட்டால் அதைச் சுற்றி ஒரு முழத்துக்கு மண்ணை விட்டுவிட்டு சிமெண்ட் போடுவான். இல்லாவிட்டால் பிடுங்கிவிடுவான். மருமகள் சாட்சி. பேத்தி சாட்சி.

"ஒரு செடிக்கு எதுக்கு அத்தை இவ்வளவு?" என்றாள் மருமகள். என் கையால் எதுவுமே முளைத்ததில்லை. கூப்பிடாமல் ஒன்று தானாக வந்திருக்கிறது, வந்ததை விரட்டுவானேன்? இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

மேஸ்திரி வரவில்லை. இரண்டு இலை விரிந்துவிட்டது.

எதிர்வீட்டுக் கம்பவுண்டர் வந்து பார்த்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகிறது, இன்னும் எல்லோருக்கும் மருந்து சொல்வார். "மஞ்சள்" என்றார், சந்தேகமே இல்லாமல். இலையில் ஒரு கீற்றுக் கிழித்துக் கசக்கி முகர்ந்தேன். வாசமே இல்லை. மஞ்சள் இலை வாசம் அடிக்காமல் இருக்குமா? இருபத்தெட்டு வருஷம் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள் நான். ஒரு விரிப்பை முகர்ந்தே எந்த வார்டு என்று சொல்லுவேன். இதைச் சொன்னதும், "உங்களுக்குச் சளி பிடிச்சிருக்கும், பாத்துக்குங்க" என்றார்.

எழுதி வைத்துக்கொண்டேன்.

ஜூன் 27, வியாழன்

பேத்தி கல்லூரியிலிருந்து வந்ததும் போனில் படம் பிடித்தாள். படத்தைக் காட்டினால் போனே செடியின் பெயரைச் சொல்லிவிடுமாம். முதல் தடவை இஞ்சி என்றது. இரண்டாம் தடவை ஏதோ ஒரு அல்லி. மூன்றாவது படத்தில் என் கால் கட்டைவிரலும் விழுந்துவிட்டது. அதற்குக் காளான் என்றது. பேத்தி அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தாள். "பாட்டி, உன் விரலத்தான் சொல்லுது." எனக்கும் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

மேஸ்திரி அடுத்த வாரம்.

ஜூலை 9, செவ்வாய்

பல் டாக்டரிடம் போனேன், பேத்தி துணைக்கு. உள்ளே நுழைந்தால் பெஞ்சில் என் தங்கை, ஒரு கன்னம் பன் மாதிரி வீங்கி. காலியாக இருந்த இடம் அவள் பக்கத்தில் மட்டும்தான். பேத்தியை நடுவில் உட்கார வைத்துவிட்டு நான் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். நாற்பது நிமிஷம். நானும் அவளும் பேசிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. உறவுக்காரர் வீடுகளில் பார்த்தாலும் நடுவில் இருப்பவர் வழியாகத்தான்.

"உங்க பாட்டிகிட்ட சொல்லு, இந்த டாக்டர் நல்லா பிடுங்குவாரு, வலிக்காது" என்றாள் பேத்தியிடம்.

"அவங்ககிட்ட சொல்லு, நான் சுத்தம் பண்ணத்தான் வந்திருக்கேன், எனக்கு எல்லாப் பல்லும் இருக்கு" என்றேன்.

அவள் சிரிக்கப்போய் வலி தாங்காமல் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். முடி நன்றாக நரைத்துவிட்டது அவளுக்கு. என்னைவிட ஆறு வயது இளையவள்.

ஜூலை 10, புதன்

காரணத்தை எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன்.

எங்கள் அம்மாவுக்கு ரயில் நிலையத்துப் பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை. பிளாட்பாரத்தை இடித்துக் கட்டியபோது கல்வாழைக் கிழங்கு ஒன்றை அம்மா முந்தானையில் முடிந்து எடுத்துவந்தாள். மஞ்சள் பூ, அதில் சிவப்புப் புள்ளி. அப்போது எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது, தங்கைதான் அம்மாவோடு இருந்தாள். அதனால் அம்மாவும் அவளுக்கு, வீடும் அவளுக்கு, கல்வாழையும் அவளுக்கு. ஒரு கிழங்கு கொடு என்று நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. அம்மா போய் ஒரு வருஷம் கழித்துத்தான் கேட்டேன். கிழங்கை இப்போது தோண்டினால் செடி போய்விடும், விதை தருகிறேன் என்றாள்.

அக்டோபர் 12, புதன். மாத்திரை டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தாள். கருப்பாக, மிளகைவிடப் பெரிதாக, முப்பத்தொரு விதை. எப்படிப் போடுவது என்று கேட்டேன். "கல்லுல நல்லா உரசிட்டுப் போடுக்கா" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். என் மாமியார், நாத்தனார் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். விதையைக் கல்லில் உரசுவதை யாராவது கேள்விப்பட்டதுண்டா? துவைக்கிறவள்தானே, சொன்னால் உரசுவாள் என்று கிண்டல். நாத்தனாரும் கூடச் சிரித்தாள்.

நான் உரசவில்லை. மூன்று தொட்டியில் வரிசையாக ஊன்றி, நாற்பது நாள் தண்ணீர் ஊற்றினேன். ஒன்றாவது வரவேண்டுமே. முப்பத்தொன்றில் ஒன்று. அவித்த விதையைக் கொடுத்திருக்கிறாள் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. தொட்டிகளைக் கொல்லையில் கவிழ்த்துக் கொட்டினேன். அதோடு அவளோடு பேச்சும் போயிற்று, செடி வைப்பதும் போயிற்று.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளும் வீட்டை விற்றுவிட்டு மூன்றாம் மாடிக் குடியிருப்புக்குப் போய்விட்டாள். அம்மாவின் கல்வாழை கட்டிடத்துக்குக் கீழே போயிற்று. ஆக இரண்டு பேருக்கும் இல்லை.

ஜூலை 21, ஞாயிறு

மேஸ்திரி வந்தேவிட்டான், அளவு எடுக்க. எட்டு வருஷத்துக்கு முன்பு குளியலறைத் தரையைத் தண்ணீர் வாசல் பக்கம் ஓடும்படி பூசிக் கொடுத்தவன் இவன்தான். அதை நினைவுபடுத்தினேன். தரையைப் பார்த்தபடி தலையாட்டினான்.

செடியைப் பார்த்ததும், "கல்வாழை போலருக்கேம்மா" என்றான்.

கல்வாழையாக இருக்க வழியே இல்லை என்று சொல்லிவிட்டேன். இந்த மண்ணில் கல்வாழை வராது, எனக்குத் தெரியும். "அப்ப சரிம்மா" என்று நாடாவைச் சுருட்டிக்கொண்டான். தண்ணீர் மட்டம் தெரியாதவனுக்குச் செடி தெரியுமா?

மகன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆகஸ்ட் 5 வேலை ஆரம்பமாம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மேஸ்திரி வரவில்லை. ஒருவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றாததற்காக நான் சந்தோஷப்பட்டது இதுதான் முதல் தடவை.

செடி என் இடுப்பு உயரம். இலை ஒவ்வொன்றும் கஞ்சி போட்டு இஸ்திரி செய்து சுருட்டிய விரிப்பு மாதிரி வந்து, இரண்டு நாளில் தானாகப் பிரிகிறது. ஒரு மடிப்பு இல்லை. சலவைக்கூடத்தில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்தாலும் இப்படி வராது.

கம்பவுண்டர் தெருவில் நின்றே, "மஞ்சள் எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். எனக்குச் சளி இல்லை என்று பதில் சொன்னேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

நடுவில் தண்டு மாதிரி ஒன்று நீள்கிறது. மொட்டாக இருக்கலாம். பெயர் இன்னும் தெரியவில்லை. தெரியவில்லை என்றுதான் எழுதவேண்டும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பூத்துவிட்டது.

மஞ்சள். சிவப்புப் புள்ளி.

அது எப்படி வரும்? அவிச்ச விதை எப்படி முளைக்கும்? வேற எங்கிருந்தும் வர வழியில்ல, இந்தத் தெருவில எவன் வீட்டுலயும் கல்வாழை கிடையாது. நான்தானே கொட்டினேன், அந்தக் குழாயடியிலதானே கொட்டினேன். நான்தானே—

வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பேத்தி பார்த்துவிட்டு அழகா இருக்கு பாட்டி என்று படம் எடுத்தாள். போன் என்ன சொல்லிற்று என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

தலைவலி மாத்திரை வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறிச் செடிப் பண்ணைக்குப் போனேன். பண்ணைக்காரி என் மகள் வயது இருப்பாள், முழங்கைவரை மண். அவித்த விதை முளைக்குமா என்று கேட்டேன்.

"எந்தக் காலத்துலயும் முளைக்காதும்மா. என்ன விதை?"

கல்வாழை என்றேன். பத்தொன்பது வருஷம் மண்ணுக்குள் கிடந்தது என்று சொன்னேன்.

"கல்வாழையா? அது கெடக்கும்மா. தோல் அவ்வளவு கெட்டி, தண்ணி உள்ளயே போகாது. கல்லுல நல்லா உரசணும், உள்ள வெள்ளை தெரியணும். உரசாம போட்டா சும்மா கெடக்க வேண்டியதுதான். உங்களுக்கு யாரும் சொல்லலையா?"

சொல்லவில்லை என்று நான் சொல்லவில்லை. சொன்னார்கள், தேதியோடு நினைவிருக்கிறது. ஒரு சொல் குறையாமல் நினைவிருக்கிறது. போன மாதம் இந்த நோட்டில்கூட எழுதியிருக்கிறேன்.

இப்போது எப்படி முளைத்தது என்று கேட்டேன். அந்த இடத்தை யாராவது கிளறினார்களா என்றாள். கடப்பாரை, ஜல்லி என்றேன். அதுதான், ஏதாவது ஒன்று உரசியிருக்கும் என்றாள்.

திரும்பும்போது பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். மாத்திரை வாங்க மறந்துவிட்டேன். நான் மறந்தேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

எழுதப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி

தங்கையின் புதுக் குடியிருப்புக்கு நான் போகவில்லை. அவளுக்குப் பித்தப்பையில் கல் எடுத்தபோது போகவில்லை. நான் வேலை செய்த ஆஸ்பத்திரியில்தான் படுத்திருந்தாள். அவள் வார்டு விரிப்பு என் கைக்குத்தான் வந்தது. மடித்துக் கொடுத்தேன், மாடி வார்டுக்குப் போய்ப் பார்க்கவில்லை.

போன் போடலாம். போட்டு என்ன சொல்வது? தப்பு என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தச் சொல் என் வாயில் எப்படி வரும் என்று எனக்கே தெரியாது.

ஒரு வழி இருக்கிறது. என்ன செடி என்று நான் சொல்லாமல் இருந்துவிட்டால் மகன் பிடுங்கிவிடுவான். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை. இதையும் எழுதி வைக்கிறேன், இப்படியும் நினைத்தேன் என்று.

செப்டம்பர் 1, ஞாயிறு

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கொல்லையில் மண்வெட்டிச் சத்தம். மேஸ்திரி, கூட இரண்டு ஆட்கள், மணல், மூட்டைகள். சொல்லாமல் கொள்ளாமல் வந்திருக்கிறான். ஒரு ஆள் குழாயடிப் பக்கம் கொத்திக்கொண்டே வருகிறான்.

வாயில் நுரையோடு ஓடிப்போய் முக்காலியைச் செடிக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பூ என் தலைக்கு மேலே ஆடுகிறது. மண்வெட்டி நின்றது. மகன் வந்தான், மருமகள் வந்தாள், பேத்தி வந்தாள். கம்பவுண்டரும் வந்துவிட்டார், அவர் இல்லாமலா?

"அம்மா, நாம என்ன பேசிக்கிட்டோம்? என்ன செடின்னு சொன்னா விட்டுடறேன்னு சொன்னேன்ல. சொல்லு."

வாயைத் துடைத்துக்கொண்டேன். "கல்வாழை."

மேஸ்திரி மணலைப் பார்த்துச் சிரித்தான். அன்றைக்கே சொன்னவன், சிரிக்கட்டும்.

"எங்கிருந்து வந்துச்சு? அதையும் சொல்லணும், பேச்சு அதான்."

அவனுக்குப் பாதி தெரிந்திருக்கிறது. பூவைப் பார்த்திருப்பான், சின்னப் பையனாக இருந்தபோது அம்மா வீட்டில் பார்த்த பூதானே. ஆனாலும் என் வாயால் வரவேண்டும் என்று நிற்கிறான். என் பிள்ளை, பிடிவாதம் எங்கே போகும்?

"உங்க சித்தி குடுத்தது" என்றேன். "உரசிப் போடுன்னு சொல்லித்தான் குடுத்தா. நான் உரசல. தப்பு என்மேல."

மருமகள் என் தோளில் கை வைத்தாள். மகன் மேஸ்திரியிடம் திரும்பி, ஒரு முழம் இல்லை, இரண்டு முழம் விடுங்கள் என்றான்.

கம்பவுண்டர் மட்டும், "மஞ்சளும் இதே சாதிதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

சிமெண்ட் காய்கிறது. குழாய்க்குக் கீழே சதுரமாக மண், நடுவில் செடி. மேஸ்திரி சரியாக மழுக்கவில்லை, தரை முழுக்க உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். இந்தத் தடவை வாசல் பக்கம் ஓடவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

வந்தாள். நான் கூப்பிடவில்லை. மகன் போன் செய்திருக்கிறான், மருமகள் பயிற்சி வண்டியிலேயே போய் ஏற்றிக்கொண்டு வந்தாள். வண்டி மேல் "பழகுநர்" என்று பலகை. அதிலிருந்து என் தங்கை இறங்குகிறாள்.

நேரே கொல்லைக்குப் போனாள். பூவுக்கு முன்னால் நின்றாள். பின்னால் நான். பேத்தி நடுவில் வந்து நின்றாள், பழக்கம். "நீ உள்ள போ கண்ணு" என்றாள் தங்கை.

நான் மனப்பாடம் பண்ணி வைத்திருந்ததைச் சொன்னேன். அக்டோபர் 12, மாத்திரை டப்பா, முப்பத்தொரு விதை, உரசச் சொன்னது, சிரித்தது, அவித்த விதை என்று நான் நினைத்தது, எல்லாம். அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"நான் சிரிச்சேனா? எதுக்குச் சிரிச்சேன்?"

அவளுக்கு நினைவே இல்லை. விதை கொடுத்ததே அரைகுறையாகத்தான் நினைவிருக்கிறது.

"அப்ப நான் ஏன் பேசலன்னு நெனச்சே?"

"உன்கிட்ட வாங்கின குக்கரை, கைப்பிடி ஆடுற மாதிரி திருப்பிக் குடுத்தேன்ல. அதுக்குன்னு நெனச்சேன்க்கா. புதுசு ஒண்ணு வாங்கி வச்சேன், எப்படிக் குடுக்கறதுன்னு தெரியல. இன்னும் அட்டைப்பெட்டியிலயே இருக்கு."

"அது வேற கணக்கு" என்றேன். "மார்ச் மாசம் நடந்தது அது."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் என்று எழுதி வைக்கிறேன்.

போகும்போது பூவைத் தொட்டுப் பார்த்து, "அம்மாவோட பூவுல புள்ளி இவ்வளவு இல்லக்கா, இது கொஞ்சம் அதிகம்" என்றாள். இல்லை, இதே அளவுதான். எனக்குத் தெரியாதா?

செப்டம்பர் 22, ஞாயிறு

பண்ணைக்காரியிடம் கேட்டுவந்தேன். விதையில் வந்தால் தாய்ச் செடி மாதிரியே இருக்காதாம், கொஞ்சம் மாறுமாம். புள்ளி அதிகமாக இருக்கலாமாம். தங்கையிடம் இதை இன்னும் சொல்லவில்லை.

குழாய் ரிப்பேர்காரனைத் தெருவில் பார்த்தேன். கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டுப் போ என்று கூப்பிட்டேன். பயந்துகொண்டே குடித்தான். உடைந்த கல்லைப் பற்றி நானும் பேசவில்லை, அவனும் பேசவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

காய் வெடித்தது. இருபத்திரண்டு விதை. அந்த மாத்திரை டப்பா இத்தனை வருஷமும் என் பெட்டியில்தான் இருந்தது. தங்கை செய்ததற்குச் சாட்சி என்று எடுத்து வைத்திருந்தேன். அதிலேயே போட்டேன்.

தங்கை பத்து மணிக்கே வந்துவிட்டாள், மாடித் தொட்டிகளுக்கு மண்கூட ரெடியாம். இரண்டு முக்காலி போட்டுக் கொல்லையில் உட்கார்ந்தோம். மேஸ்திரி மழுக்காமல் விட்ட தரை இதற்கென்றே பூசியது மாதிரி இருக்கிறது. ஆளுக்குப் பதினொன்று. விரல்நுனி தோல் உரிகிறது, விதை அசைகிற வழியாக இல்லை.

"போதும்க்கா, வெள்ளை தெரியுது."

"தெரியல. கண்ணாடியப் போட்டுட்டுப் பாரு."

"உனக்கு என்னைக்கு நான் சொன்னது சரின்னு பட்டிருக்கு?"

இருந்தும் அவள் சொன்ன இடத்தில் நிறுத்தினேன். வெள்ளை தெரிந்தது.

அட்டைப்பெட்டிக் குக்கரையும் கொண்டுவந்திருந்தாள். பழைய குக்கரை மட்டும் தூக்கிப்போட வேண்டாம் என்று மருமகளிடம் சொல்லிவிட்டேன். கைப்பிடியை யார் முதலில் ஆட்டியது என்பது இன்னும் முடிவாகவில்லை. அதைப் பேசத் தங்கையை அடுத்த ஞாயிறு வரச் சொல்லியிருக்கிறேன். காலையிலேயே வந்துவிடு, நேரம் ஆகும் என்றும் சொல்லியிருக்கிறேன்.